தம்பியின் யூபோனியத்துக்கு ஓர் உறை

மார்ச் 4, புதன். காலையிலேயே வெயில்.

இல்லை, சாக்கு போதாது. போன மாதம் திமிரிக் கல்யாணத்தில் ஊதத் தம்பி சாமு யூபோனியத்தை, அந்தப் பெரிய பித்தளை ஊதுகுழலை, சாக்கில் சுற்றித்தான் மாட்டு வண்டியில் கொண்டுபோனான். புனல் விளிம்பில் ஒரு நசுங்கல். ஒரு வால்வு இன்னும் சிக்குகிறது. சனிக்கிழமை தங்கவயலுக்கு ரயில். அங்கே சுரங்க பேண்டில் சொந்த வாத்தியத்தோடு வருகிறவனைத்தான் எடுப்பார்களாம். ஊத முடியாமல் போய் நின்றால் திரும்பி வந்து அப்பாவோடு டேனரியில் தோல் பதனிடும் வேலைதான்.

மரப்பெட்டி: தம்பியால் தூக்க முடியாது. கேன்வாஸ்: லேசு. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. தையற்காரரிடம் நாளை சொல்லவேண்டும்.

ஏழாம் வகுப்புக் கட்டுரைகள் இன்னும் திருத்தவில்லை.

மார்ச் 5, வியாழன். புழுக்கம்.

தையற்காரரிடம் போகவில்லை. அப்பா டேனரியிலிருந்து வரும்போது தோளில் ஒரு தோல் உறை. எருமைத் தோல், ஆவாரம்பட்டையில் பதம் செய்தது. செருப்புத் தைக்கும் தோஸ்த்தை வைத்துத் தைத்திருக்கிறார். சாமு தூங்கும்போது யூபோனியத்தை அளவு எடுத்தாராம், அம்மா சொன்னாள். ஊதிப் பிழைக்கிறதும் ஒரு பிழைப்பா என்று கேட்டபின் ஒரு மாதமாக அப்பாவுக்கு அவனோடு பேச்சில்லை.

"ஆம்பூர்ல பொறந்துட்டு துணிப் பையில தூக்கினு போவானா? சிரிப்பாங்க."

என்னிடம்தான் சொன்னார். சாமு பக்கத்திலேயே நின்றான். கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தான்.

அளவு கச்சிதம். ஆனால் தோலில் ஈரம் முழுதும் போகவில்லை. பித்தளை கறுக்குமா என்று பார்க்க, அதே தோலின் வெட்டுத் துண்டு ஒன்றில் பித்தளைச் செம்பைச் சுற்றி வைத்திருக்கிறேன்.

மார்ச் 6, வெள்ளி. மேகம், மழை இல்லை.

செம்பில் பச்சையும் கறுப்புமாகக் கறை. புளி போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. சாமுவிடம் காட்டினேன்.

"அப்பா கிட்ட சொல்லாதக்கா. கறுத்தா கறுக்கட்டும். இதுலயே எடுத்துக்கினு போறேன்."

வால்வுக்குள் இறங்கினால் என்ன செய்வாய் என்றேன். சிக்கும் வால்வை அழுத்திப் பார்த்தான்.

சாயந்தரம் அப்பாவே செம்பைப் பார்த்துவிட்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எத்தனை தோல் பதம் செய்து ரயிலேற்றியிருப்பார்.

"அப்பால அதுக்குள்ள இன்னா வைக்கிறாங்கன்னு நாம எங்க பார்த்தோம்," என்றார்.

பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார். "காஞ்சா சரியாப் பூடும், சாமு. ஒரு வாரம் இருந்துட்டுப் போயேன்."

"நாளைக்குத்தான் வரச் சொல்லியிருக்காங்கப்பா."

உறையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். கீழே வைக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

தோல் பித்தளையில் படாமல் உறைக்குள்ளே கொடுக்கக் கனமான துணி வேண்டும். வீட்டில் இருப்பது ஒன்றுதான்: என் காலேஜ் விடுதிக் கம்பளி. மேல்படிப்புக்குச் சென்னை போகும்போது வேண்டியிருக்கும் என்று பாச்சை உருண்டை போட்டு வைத்தது. இரண்டு வருஷமாகப் பெட்டியில்.

எடுத்து உதறினேன். அம்மாவுக்குத் தும்மல். கத்தரிக்கோல் மொக்கை. அப்பாவின் தோல் கத்தியைக் கேட்டு வாங்கி வெட்டினேன்.