நூற்று எண்பதில் வாசிக்கிறேன், அக்கா

என் செல்ல மலர் அக்காவுக்கு,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. உன் எலக்ட்ரிக் கிதாரை நான்தான் எடுத்துக்கொண்டேன். கேட்காமல் எடுத்தேன். இனி யாரிடம் கேட்பது?

எல்லாம் நீ கடைசியாகப் போட்ட அந்த ரிஃப்பால் வந்தது. சின்னத் துண்டுதான், திரும்பத் திரும்ப வரும், இடி இறங்குகிற மாதிரி. அதை எனக்குக் குரல் பதிவாக அனுப்பியிருந்தாய். நான் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

இப்போது துவாக்குடி பட்டறைக்குப் போகிற பஸ்ஸில் தினமும் அதைத்தான் கேட்கிறேன். காவிரிப் பாலத்தில் ஏறியதும் ஜன்னல் கம்பியெல்லாம் அதிரும். கீழே மணல் திட்டு, நடுவே ஒரு கோடு தண்ணீர். நீ கிதாரை மாட்டிக்கொண்டு அந்த மணலில் நடந்து போகிறாய். கால் தரையில் படவில்லை. ஒயரும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை, ஆனாலும் சத்தம் வருகிறது. மலைக்கோட்டை பக்கத்தில் வந்ததும் காணாமல் போய்விடுகிறாய்.

இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை நான். அதனால் அளந்தேன். தாளம் தட்டும் செயலியை வைத்துப் பார்த்ததில் உன் வேகம் நிமிடத்துக்கு இருநூற்று எழுபது தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு அடி, எல்லாமே கீழ்நோக்கி அடிக்கிற அடி. மனுஷக் கை இதைச் செய்யுமா? நீ செய்திருக்கிறாய், அப்படியென்றால் நானும் செய்ய வேண்டும்.

ஆறு மாதம் பழகினேன். இருநூற்றுப் பத்தில் மணிக்கட்டு பூட்டிக்கொண்டது. அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"ஏண்டா, மிக்ஸில கல்லப் போட்டு அரைக்கிற மாதிரி இருக்கு. அவ வாசிச்சா ஒரு நெதானம் இருக்கும்."

"நெதானமா? அவ ஸ்பீடு தெரியுமாம்மா ஒனக்கு?"

"வேகந்தான். ஆனா நெதானம். போடா."

உன்னோடு டிரம்ஸ் வாசித்த ஜெரோம் அண்ணன், வருகிற சனிக்கிழமை மேலப்புதூரில் ஒரு சின்ன அரங்கில் உன் நினைவாக நிகழ்ச்சி வைத்திருக்கிறார். உன் ரிஃப்பை நான் வாசிக்கிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். நான் சொதப்பினால் அந்தப் பாட்டையே எடுத்துவிடுவார்கள். அந்த ரிஃப்பை வாசிக்க வேறு யாருக்கும் தெரியாது.

போன ஞாயிறு மாலை அவர் வீட்டு மாடியில் வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, எங்க ஓடுற? பஸ்ஸ விட்டுட்டியா?"

"அக்கா ஸ்பீடுக்கே இன்னும் வரலண்ணே."

"நான் அவகூட ரெண்டு தடவ இத வாசிச்சிருக்கேன். இப்படி இல்லையே."

"ஒங்களுக்கு மறந்துருக்கும். ஆதாரம் இருக்கு, கேளுங்க." ஃபோனை நீட்டினேன்.

கேட்டார். பிறகு திரையை உற்றுப் பார்த்தார். "ஓரத்துல ஒன்னரைன்னு போட்டுருக்கே, அது என்னடா?"

யார் பேசினாலும் எனக்கு இழுக்கிற மாதிரிதான் இருக்கும். அதனால் எல்லாருடைய பதிவையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பேன். என்றோ வைத்தது, மாற்றவே இல்லை. சுருதி மாறாமல் வேகம் மட்டும் கூடுவதால் காதும் காட்டிக்கொடுக்கவில்லை.

ஜெரோம் அண்ணன் சிரித்த சிரிப்பில் டிரம் மேலேயே சாய்ந்துவிட்டார். நானும் சிரித்தேன். பிறகு அதை உள்ள வேகத்தில் போட்டோம்.

நூற்று எண்பது. ஒவ்வோர் அடியும் இடம் பார்த்து விழுகிறது. நான்காவது சுற்று முடிந்ததும் நிறுத்துகிறாய். இரைச்சல் என்று நான் ஒதுக்கியிருந்த இடம் அது. இரைச்சல் இல்லை, நீ மூச்சு வாங்குகிறாய். இரண்டு மூச்சு, கஷ்டப்பட்டு. "இருடா" என்று முணுமுணுக்கிறாய். மறுபடி தொடங்குகிறாய்.

அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

இதை நீ அனுப்பி மூன்று வாரம் கழித்துத்தானே உன் இதய வால்வு பழுதென்று நமக்குத் தெரிந்தது? மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே எது கெடப்போகிறது என்று சொல்கிறவன் நான். அதற்குத்தான் சம்பளம். ஒழுங்காகக் கேட்டிருந்தால், "என்னக்கா இப்படி மூச்சு வாங்குது" என்று கேட்டிருப்பேனா? கேட்டிருந்தால் நீ இருந்திருப்பாயா?

இந்த வாரம் உன் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக உள்ள வேகத்தில் கேட்கிறேன். "வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வா" என்பதை எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு சொல்கிறாய். ஒவ்வொரு சொல்லும் வெயிலில் காயப்போட்ட புடவை மாதிரி மெதுவாக அசைகிறது. கேட்டுக்கொண்டே இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போனேன். கோபம்கூட வரவில்லை.

நேற்று ஒத்திகை. நீ நிறுத்திய இடத்தில் நானும் நிறுத்தினேன். "அந்த கேப்ல நான் டிரம்ஸ உருட்டி நெரப்பட்டுமா?" என்றார் அண்ணன்.

"வேணாம்ணே. சும்மா இருக்கட்டும்."

"பாட்டு முடிஞ்சிருச்சுன்னு கை தட்டிருவாங்க தம்பி."

"தட்டட்டும்."

அம்மாவும் நிகழ்ச்சிக்கு வருகிறாள். வீட்டுக்குத் திரும்பியதும் அந்தப் பதிவை அவளுக்குப் போட்டுக் காட்டுவேன். நான் கேட்காமல் விட்டதையும் சொல்லிவிடுவேன். அவள் என்ன சொன்னாலும் சரி.

அதற்கு முன்னால், மேடையில், நான்காவது சுற்று முடிந்ததும் தந்திகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு நிற்பேன். நீ இரண்டு மூச்சு வாங்கி முடிகிறவரை நிற்பேன், அக்கா.

உன் ஒரே தம்பி,
கதிர்