குளம் என்று குறித்த இடம்

மார்ச் 11
காலையிலிருந்து செயற்கைக்கோள் படங்கள். பாதிக்கு மேல் மேகம். நச்சுக் கழிவு கொட்டும் இடத்துக்குச் சிவப்பு, நீர்நிலைக்கு நீலம். நாள் முழுக்க இதே பிழைப்பு. அக்கா போன் செய்தாள். புது வீட்டுக்குக் குடிபோய் ஒரு வருடம் கழித்து மாடிக்குப் பச்சைத் தகரக் கூரை போட்டுவிட்டாளாம். "உன் படத்துல தெரியுதாடா?" தெரிந்தது. அவளுக்கு ஏக சந்தோஷம்.

ஏப்ரல் 2
அக்கா மகளுக்குக் காலெல்லாம் கொப்புளம். வெயில்தான் என்று சொல்லிவைத்தேன்.

ஏப்ரல் 19
கோடைப் படம் வந்தது. சுற்றுவட்டாரத்தில் எல்லாக் குளமும் வற்றிக் கிடக்கிறது. அக்கா வீட்டுக்குப் பின்னால் இருப்பது மட்டும் பெருத்திருக்கிறது. மழையே இல்லாமல் எப்படி?

பழைய படங்களைத் திறந்தேன். முதலில் கல் குவாரிப் பள்ளம். அப்புறம் ஒரு லாரித் தடம். அப்புறம் கருப்பு. தண்ணீரும் மேலிருந்து கருப்பாகத்தான் தெரியும், கழிவு எண்ணெயும் அப்படித்தான். இது தெரியாதவனா நான்? நீலம் அடித்தது நான். சிவப்பு என்றால்தான் களத்துக்கு ஆள் போகும். நீலத்தை யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். மனை வாங்கும்போது அக்கா என்னைத்தான் கேட்டாள். "பக்கத்துல குளம்தான்க்கா, கண்ண மூடிட்டு வாங்கு" — சொன்ன வாயை என்ன செய்ய.

ஏப்ரல் 20
கிணற்றுத் தண்ணீரைத் தொடாதே என்று அக்காவிடம் சொன்னேன். ஏன் என்றாள். மழுப்பிவிட்டேன்.

குறியை மாற்றவேண்டும் என்று அதிகாரியிடம் போய் நின்றேன். அவர் சொன்னது: "அறிக்கை மேல போயாச்சு. அடுத்த சுத்துல பாத்துக்கலாம். உங்க வேலைக்கு நீங்களே உலை வெச்சுக்காதீங்க." தலையாட்டிவிட்டு வந்தேன். சீ.

ஏப்ரல் 23
சிவப்பாக மாற்றினேன். காரணம் என்ற கட்டத்தில் 'என் தவறு' என்று எழுதினேன். சிவப்பைச் சுற்றி அரை கிலோமீட்டருக்குள் யாரும் குடியிருக்கக் கூடாது. அக்கா வீடு இருநூறு மீட்டரில்.

ஏப்ரல் 30
கள ஆய்வாளர் நேரில் போய்ச் சோதனைக்கு மாதிரி எடுத்து வந்தார். "குளமாங்க அது? குச்சிய விட்டேன், தார் மாதிரி ஒட்டிக்கிச்சு. டேங்கர்ல கொண்டாந்து ஊத்தியிருக்கானுங்க. கிணறெல்லாம் போச்சு."

மே 9
அக்கா வீட்டுக் கதவில் காலிசெய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். போனில் கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"நீதானடா குளம்னு சொன்ன?"

"ஆமாக்கா."

"பாப்பா ஒரு வருஷமா அந்தத் தண்ணியதான்டா குடிச்சா."

போனை வைத்துவிட்டாள்.

மே 10
எடுக்கவில்லை.

மே 14
எடுக்கவில்லை. அத்தானும்.

ஜூன் 6
புதுப் படம். வட்டத்துக்குள் பதினோரு வீடுகள். காலியா இல்லையா என்று ஒவ்வொன்றாகக் குறிக்கவேண்டும். அக்கா வீட்டு மாடியில் பச்சை இல்லை. கூரையைக் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். 'காலி' என்று குறித்தேன்.

எங்கே போனாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மாலைவரை அந்தப் படத்தில் வேறு எந்த மாடியிலாவது புதிதாகப் பச்சை தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.