மே மாதத்தில் பார்த்த வீடு

இன்று காலை கதவிடுக்கில் வழவழப்பான புரோஷர் ஒன்று கிடந்தது. பிரித்ததும் புது மையின் வாடை. நம் வளாகத்துப் பின்புறக் காலி நிலத்தில் முப்பது மாடி டவர் ஒன்று எழும்பி நிற்கிறது, படத்தில்தான். நீ இருந்திருந்தால் அதை அலமாரித் தட்டில் விரித்திருப்பாய். ஆமாம், பில்டர் மறுபடியும் அந்த நிலத்தைக் கேட்கிறார்.

ராமச்சந்திராபுரத்து ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் நாம் இருந்தபோது, குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். எங்கிருந்து வருகிறதென்று நாம் கேட்டதே இல்லை. அந்தப் பழக்கத்தில்தான் நம் ஆபீஸ்காரர்கள் ஏமாந்தார்கள். ரிட்டயர் ஆவதற்குள் சொந்த வீடு என்று தசரா சலுகைக்கு முண்டியடித்தார்கள். கிழக்கு வாசலா, பூஜை அறை எந்த மூலை என்று துருவித் துருவிக் கேட்டவர்கள், தண்ணீரைப் பற்றி வாயே திறக்கவில்லை. நீ மட்டும் என்னை உச்சி வெயிலில் கொண்டாப்பூருக்கு இழுத்து வந்தாய்.

"மே மாசத்துல பாருடி, வீடு தன் யோக்கியதையைத் தானே சொல்லும்."

விற்பனைக்காரர் மாதிரி வீட்டுக்கு அழைக்க அழைக்க, நீ ஏற்கெனவே ஆட்கள் குடியிருந்த முதல் பிளாக்கின் கேட்டருகே குனிந்து தரையைப் பார்த்தாய். அந்தத் தெருவில் மற்ற கேட்டுகளிலெல்லாம் டேங்கர் லாரி சிந்திய ஈரம். இங்கே காய்ந்த மண், டேங்கர் வந்த சுவடே இல்லை. பின்னால் போனால் பள்ளமான காலி நிலமும், போர்வெல் வற்றாதபடி மழைத் தண்ணீர் இறங்கும் குழிகளும். அங்கேயே தீர்மானித்துவிட்டாய். அடுத்தடுத்த வீடாக வாங்கினோம். நம் சிநேகிதிகள் டேங்கர் ஹாரனுக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்த கோடைகளில் நாம் நிம்மதியாகக் குளித்தோம். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

பில்டர் முதல்முறை கேட்டபோது, சங்கக் கூட்டத்தில் நீ எழுந்து, பிறந்து வளர்ந்த சிகந்தராபாத் பாஷையில் ஒரே வார்த்தை சொன்னாய்: "நக்கோ." வேண்டாம், அவ்வளவுதான். பேச்சு அதோடு முடிந்தது.

நீ போய் ஒரு வருடமாகிறது. இப்போது கிளப் ஹவுஸ் தருகிறார்களாம், நீச்சல் குளம் தருகிறார்களாம், கார் நிறுத்த இன்னொரு இடமும் உண்டாம். குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நிலம் எல்லோருக்கும் பொது என்பதால் எல்லோரும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். போட்டுவிட்டார்கள். உன் வீட்டுக்கு இப்போது சொந்தக்காரனான உன் மகனும் போட்டுவிட்டான்.

பத்து மணிக்கெல்லாம் அவனே காகிதத்தோடு வந்தான். "அந்தரூ ஒப்புக்குன்னாரு ஆன்ட்டி, மீரொக்கரே மிகிலாரு" என்றான். எல்லோரும் சம்மதித்தாயிற்று, நான் ஒருத்திதான் பாக்கியாம். அவனுக்கு அப்படியே உன் மூக்கு. நான் இடுப்பில் தூக்கி வைத்துச் சோறூட்டிய பிள்ளை. இல்லையென்று சொல்ல மனசு வரவில்லை. ஆனாலும் நீட்டிய பேனாவை நான் வாங்கவில்லை.

"ஒருத்திதான்டா. உங்கம்மா இருந்திருந்தா ரெண்டு பேரா இருந்திருப்போம்."

அவன் காபியைக் குடித்துவிட்டுக் காகிதத்தை மடித்துக்கொண்டு போனான். கோபமாகப் போனானா, யோசித்துக்கொண்டு போனானா, தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். நாலு பேர் நடுவில் எழுந்தாலே எனக்குக் கால் நடுங்கும், உனக்குத் தெரியாததா? நடுங்கட்டும். இத்தனை காலம் நீ பேச, நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். இனி பக்கத்தில் தலையாட்ட ஆளில்லாமலே நான் பேசுவேன்.