சத்தத்தோடு பார்த்தோம்

அன்பு மகள் இசைவாணிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் கை கால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அந்த டப்ளின் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல், ஆஸ்பத்திரி டியூட்டிக்கு நடுவில் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். கல்வராயன் மலையில் நல்ல மழை, கோமுகி அணையில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், நம் மரவள்ளி செழித்து நிற்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கம்மி. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் அழ ஆரம்பித்துவிடுவாய், உன்னைத் தேற்றுவதிலேயே பேச்சு முடிந்துவிடும். இங்கே நடந்ததை நீ முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் உன் பெரியப்பா பொன்னுரங்கம் வேகமாக வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அங்கே நடந்த கலைவிழாவில் நீ உன் குழுவோடு பறை அடித்த போட்டோவை யாரோ அவருக்குப் போனில் காட்டியிருக்கிறார்கள். விழாக்காரர்களின் வெப்சைட்டில் முழு வீடியோவும் இருக்கிறதாம். "இன்னா தம்பி, நர்ஸ் வேலைக்கு அனுப்புனியா, இல்ல பறை தூக்கிக்கினு ஆட அனுப்புனியா? அடுத்த மாசம் எம்பொண்ணு ரம்யாவுக்குப் பரிசம், மாப்ள வூட்டுக்காரங்க இதப் பாத்தா நம்ம சாதிசனத்துல தலை நிமிர முடியுமா" என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டார். உன்னிடம் சொல்லி அந்த வீடியோவை எடுக்க வைக்க வேண்டுமாம், அதுவரைக்கும் நம் வீட்டில் ஒருவரும் அதைப் பார்க்கக் கூடாதாம், இல்லையென்றால் பரிசத்துக்கு நாங்கள் வர வேண்டியதில்லையாம். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான், "மாமா, நீங்க அதப் பாத்தீங்களா" என்று கேட்டேன். "அதுல பாக்க இன்னா இருக்குது" என்றார். பார்க்காததையா நீங்கள் திட்டுகிறீர்கள் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன். ஆனால் அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன், என் மகள் அடித்ததை நான் பார்த்தே தீருவது என்று.

அப்பாவின் போனிலேயே நான் பார்த்திருக்கலாம். கண்ணாடி கீறிப்போன அந்தத் திரையில், கையில் பொத்திக்கொண்டு, மூலையில் உட்கார்ந்து பார்க்க எனக்கு மனசு வரவில்லை. ஒளித்துப் பார்க்கிற அளவுக்கு நீ என்ன திருடினாயா? பிளஸ் டூவில் உனக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பைப் பீரோ மேலிருந்து இறக்கித் துடைத்தேன். பேட்டரி செத்துவிட்டது, வயரைச் செருகினால்தான் உயிர் வருகிறது. அப்பா போனிலிருந்து அதற்கு நெட் கொடுத்தேன். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது நீதான், மறக்கவில்லை. வெப்சைட் வந்தது, எழுத்து வந்தது, போட்டோவும் வந்தது, வீடியோ இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு கறுப்புக் கட்டம். எத்தனை தட்டியும் அசையவில்லை. மறுநாள் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஆன்ட்டி, இது பழைய இரும்புக்குத்தான் ஆவும்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அப்படியே தியாகதுருகம் பஸ்ஸைப் பிடித்தேன். உன்னோடு பள்ளியில் படித்த செந்தமிழ்ச்செல்வி அங்கே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள், தெரியுமா? கழற்றித் தூசியெல்லாம் ஊதினாள். "உள்ள இருக்கறதெல்லாம் பழசாப் போச்சும்மா, இந்த பிரவுசருக்கு இப்ப வர்ற வீடியோவத் தொறக்கத் தெரியாது, மொத்தமா மாத்தணும்" என்றாள். உன் காலேஜ் போட்டோக்களைப் பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினாள். வீட்டு டிவியில் போட்டுப் பார்க்க ஒரு வயரும் கொடுத்தாள். நான் விடவில்லை, என் கையாலேயே ஒரு தரம் செய்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். நாளைக்கு எது நின்றாலும் இன்னொருவர் வாசலில் நான் நிற்கக் கூடாது பார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்து டிவியில் வயரைச் செருகினேன். முதலில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போனை ஜன்னல் கட்டைக்கு மாற்றினேன், சிக்னல் பிடித்தது. நீ வந்துவிட்டாய். டிவி நிறைய நீ! தலைமுடியை இழுத்துக் கட்டிக்கொண்டு, பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு, காலை முன்னே வைத்து நிற்கிறாய். குச்சி விழுகிறது, எதிரே இருக்கிற வெள்ளைக்காரர்கள் கையைத் தட்டுகிறார்கள், ஆனால் துளிச் சத்தம் இல்லை. அப்பா ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, "போதும் அமிர்தம், பாத்தாச்சுல்ல, நிறுத்திடு" என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "பறையச் சத்தமில்லாம பாக்கச் சொல்றியா? இசைவாணின்னு பேர் வச்சது நீதானே" என்று கத்திவிட்டேன். செல்விக்குப் போன் போட்டேன். கீழ் ஓரத்தில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, அதில் டிவி பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாள். தட்டினேன். வாணி, அந்தச் சத்தம் வந்தது பார், அலமாரியில் டம்ளர்கள் அதிர்ந்தன! எனக்கு நெஞ்சுக்குள் இடித்தது. அழுதேன், சிரித்தேன், இரண்டும் சேர்ந்துதான்.

சத்தம் கேட்டுத் தெருப் பெண்கள் வந்துவிட்டார்கள். நம்மோடு களையெடுக்க வருகிற இருசம்மாள் அப்போது மாட்டுக்குப் புல் போட வந்தவள், காலனிப் பெண் என்று எப்போதும்போல வாசலோடு நின்று எட்டிப் பார்த்தாள். உள்ளே வா என்றேன். வேணாம்மா என்றாள். கையைப் பிடித்து இழுத்து வந்து நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக, "பாப்பா நல்லாத்தான் அடிக்குது. எங்கப்பாவும்தான் சாவு தவறாம வந்து அடிச்சிக்கினு இருந்தாரு. அவருக்கு யாரும் சேர் போடலியேம்மா" என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா வாசலில் வந்து நின்றார். டிவியைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். "இவ யாரு நடுவூட்டுல? எழுந்திரு, அத நிறுத்து" என்று கையை நீட்டினார். இருசம்மாள் எழுந்திருக்கப் போனாள். அவள் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் ரிமோட்டை எடுத்து இன்னும் சத்தத்தைக் கூட்டினேன். அப்பாதான் என்னை அதட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு இருசம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணா, பாக்கறதுன்னா உள்ள வந்து உக்காருங்க. இல்லன்னா கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது" என்றார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் அண்ணனை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. பெரியப்பா திரும்பிப் போய்விட்டார். நாங்கள் முதலிலிருந்து இன்னொரு தரம் போட்டுப் பார்த்தோம்.

அதற்குப் பிறகு அவர் வீட்டுப் பேச்சு வார்த்தை நின்றுவிட்டது. தெருவிலும் இரண்டு வீட்டில் முகம் கொடுப்பதில்லை. பரிசத்துக்கு ஊரெல்லாம் சொன்னவர்கள் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் போகட்டும், ரம்யா என் கையில் சோறு தின்று வளர்ந்த பிள்ளை, அவளுக்குப் புடவை எடுத்து வைத்திருக்கிறேன், நான் போவேன். வாசலில் நிறுத்தினால் வாசலில் நின்றே வாழ்த்திவிட்டு வருவேன். என்னால்தானே இந்தச் சண்டை என்று நீ அங்கே உட்கார்ந்து உருகாதே. உன்னால் எதுவும் இல்லை. உனக்குச் சொல்ல எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அடுத்த தரம் மேடையில் மைக்கைக் கொடுத்தால், இது யாருடைய கையிலிருந்து வந்த வாத்தியம், அவர்களை ஊர் எங்கே நிற்க வைத்தது என்று சொல்லிவிட்டு அடி. இருசம்மாளின் அப்பா பேர் மாயவன். அந்தப் பேரையும் சொல். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், சொல்லச் சொன்னாள்.

நின்றபடியே வேலை செய்கிறாய், படுக்கும்போது காலுக்கு எண்ணெய் தடவிக்கொள். காலையில் வெறும் காப்பியோடு ஓடாதே. நம் குலசாமி உன் கைக்கும் காலுக்கும் வலுவைக் கொடுக்கட்டும், நீ தலை நிமிர்ந்து பல்லாண்டு வாழ வேண்டும். அந்த வீடியோவை எடுத்துவிடச் சொல்லிப் பெரியப்பா கேட்பார், சொந்தக்காரர்கள் கேட்பார்கள், நாளைக்கு ஊர் நெருக்குகிற நெருக்கில் பயந்துபோய் நானே போன் போட்டுக் கேட்டாலும் கேட்பேன். எடுக்காதே.

உன்னைப் பெற்றவள்,
செ. அமிர்தம்