வால்ட்னர் வாங்கலாமா

குண்டூர் நாடு,
சோளக்காடு தபால்,
கொல்லிமலை.
14-6-1964

அன்புள்ள சின்னராசு அண்ணனுக்கு,

பட்டாளத்துத் தம்பி பொன்னன் வணங்கி எழுதுவது. நானும் இருசாயியும் பிள்ளையும் சுகம். அங்கே அண்ணியும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் ரெஜிமெண்டை விட்டுப் போன பிறகு நான் உங்களுக்கு எழுதிய கடிதங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கோபம் இருந்தாலும் இதைக் கடைசி வரை படியுங்கள்.

போன மாதம் ஒரு வேலையாகச் சேலம் வந்தேன். கடைவீதியில் பாண்டு சாமான் விற்கும் கடையில் ஒரு சாக்ஸபோன் தொங்குவதைப் பார்த்தேன். கழுத்தடியில் ‘வால்ட்னர்’ என்று பெயர் வெட்டியிருக்கிறது. நம் ரெஜிமெண்ட் பாண்டில் இப்படி ஒரு பெயரைக் கேட்டதே இல்லை. கடைக்காரர், “சீமைச் சரக்குங்க, பேர்தான் தெரியாதுங்க, நாதம் பெருசுங்க” என்றார். நாதத்தைக் கேட்க எனக்கு அன்று நேரமில்லை.

நீங்கள் பாண்டு செட் வைத்து நடத்துகிறவர். ஒரு நடை போய்ப் பார்த்து, அதை வாங்கலாமா என்று எழுதுங்கள். ஊதிப் பாருங்கள். முக்கியமாக இடது கைப் பக்கத்துப் பொத்தான்கள் எப்படி இருக்கின்றன, பித்தளை கனமா மெல்லியதா என்று பார்த்து எழுத வேண்டும். எனக்காகக் கேட்கிறீர்கள் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம்.

இங்கே பலா சீசன். சோளக்காட்டுச் சந்தையில் நடக்க இடமில்லாமல் குவிந்து கிடக்கிறது. நான் தினமும் போய் பஸ் வருவதையும் போவதையும் பார்த்துவிட்டு வருகிறேன். எதுவும் வாங்குவதில்லை, விற்பதில்லை.

அன்புத் தம்பி,
பொன்னன்

* * *

சேலம்,
25-6-1964

தம்பி பொன்னனுக்கு,

அண்ணன் சின்னராசு எழுதுவது. முதலில் சண்டை, அப்புறம்தான் சாக்ஸபோன்.

சேலம் கடைவீதி வரைக்கும் வந்தவனுக்கு என் வீடு தெரியாதா? அங்கிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம். உன் அண்ணி அம்சவேணி கேட்டுவிட்டு, “பொன்னன் தம்பி நம்ம ஊட்டுக்கு வராம போனாங்களா? அப்ப நீங்கதான் ஏதோ சொல்லியிருக்கோணும்” என்று பழியை என் தலையில் போட்டுவிட்டாள். போன வருஷம் உன்னைப் பட்டாளத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்றாய், உடம்பு சரியில்லை என்றாய், என்ன உடம்பு என்று இன்றுவரை சொல்லவில்லை.

சரி. கடைக்குப் போனேன். வால்ட்னரை இறக்கித் துடைத்து ஊதினேன். நடுவில் உள்ள சுரங்கள் வெல்லம். மேலே போகப் போகச் சுருதி சற்று ஏறிப் பேசுகிறது, உதட்டால் இறக்கிப் பிடிக்க வேண்டும். தோல் மூடிகள் இரண்டு மூன்று காற்றை விடுகின்றன, அவற்றை மாற்றலாம். பெரிய குறை பித்தளைதான். மெத்து. பொத்தான் தண்டை இரண்டு விரலால் அழுத்தினால் வளைகிறது. நல்ல கம்பெனிக்காரன் அப்படிச் செய்யமாட்டான். ஊரில் வயதான பாண்டு மாஸ்டர்கள் இரண்டு பேரிடம் கேட்டேன், வால்ட்னர் எந்த நாட்டுக் கம்பெனி என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு ஸ்பிரிங் உடைந்தால் எங்கே போய்த் தேடுவாய்? திரும்ப விற்கப் போனால் யார் வாங்குவார்கள்? வேண்டாம்.

திருச்சியில் ஒருவர் பாண்டை விட்டு ஓய்ந்துவிட்டார். அவரிடம் அமெரிக்கச் சாக்ஸபோன் இருக்கிறது. பெயர் பெற்ற கம்பெனி. கேட்டு வைக்கட்டுமா?

இன்னொன்று. உனக்கு எதற்கு சாக்ஸபோன்? உன் கிளாரினெட் எங்கே? நம் பாண்டிலேயே உன் கிளாரினெட்டைக் கேட்கத்தானே ஆபீசர் வீட்டு அம்மாக்கள் ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். எங்கள் செட்டில் உனக்கு இடம் எப்போதும் இருக்கிறது. ஈரோட்டு செட்காரன் ஒரு சாக்ஸபோனை வைத்துக்கொண்டு எங்கள் கல்யாணங்களை எல்லாம் பிடுங்கிக்கொண்டு போகிறான். நீ வந்தால் அவனை ஒரு கை பார்க்கலாம்.

அன்பு மறவாத,
சின்னராசு

* * *

குண்டூர் நாடு,
5-7-1964

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைச் சோளக்காட்டிலேயே நின்று படித்தேன். அண்ணியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். தப்பு என்னுடையது.

அமெரிக்கச் சாக்ஸபோன் வேண்டாம். அதைப் பற்றிப் பேச வேண்டாம். வால்ட்னரின் பித்தளை வளைகிறது என்று எழுதியிருந்தீர்களே, அது எவ்வளவு வளையும்? வளைத்தால் நிற்குமா, முறியுமா? சால்டர் வைத்து ஒட்டினால் பிடிக்குமா? மோதிர விரல் பொத்தானை ஓர் அங்குலம் உயர்த்தினால் அதன் மூடி ஒழுங்காக அடையுமா? இதை மட்டும் பார்த்து எழுதுங்கள்.

கிளாரினெட் இப்போது என்னிடம் இல்லை. கொடுத்துவிட்டேன்.

எனக்கு இங்கே ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, அண்ணா. மிளகுக் கொடிக்கு மண் அணைக்கப் போகிறேன், பாதியில் எழுந்து வந்துவிடுகிறேன். சாமைக் காட்டுக்குப் போகிறேன், வரப்பைச் சுற்றிவிட்டுத் திரும்புகிறேன். இருசாயி நேற்று வழியை மறித்து நின்றுகொண்டு, “ஏனுங்க, கால்ல முள்ளு ஏறுன மாடாட்டம் சுத்தறீங்களே, எங்க குத்துதுன்னு சொன்னாத்தானே எடுக்க முடியும்” என்றாள். நான் சுற்றிக்கொண்டு நடந்துவிட்டேன். பிள்ளை என் பின்னாலேயே வந்து, நான் நின்றால் நிற்கிறான்.

ஏன் எதற்கு என்று கேட்காமல் பதில் போடுங்கள்.

பொன்னன்

* * *

சேலம்,
19-7-1964

தம்பி பொன்னனுக்கு,

ஏன் எதற்கு என்று கேட்கத்தான் போகிறேன். ஒரு மனிதன் சாக்ஸபோன் வாங்குவது ஊதுவதற்கு. வளைப்பதற்கும் உயர்த்துவதற்கும் சால்டர் வைப்பதற்கும் வாங்குகிறவனை நான் பார்த்ததில்லை. கடைக்காரரிடம் போய், “ஏனுங்க, இதை முறிச்சுப் பாக்கலாங்களா” என்று நான் எப்படிக் கேட்பேன்?

எனக்கு மனசு சரியில்லை. நீ கிளாரினெட்டைக் கொடுத்துவிட்டேன் என்று எழுதிய வரியை அம்சவேணிக்கு வாசித்துக் காட்டினேன். அவள், “கடுதாசில பேசற விசயமில்லீங்க இது. ஒரு நடை போயிட்டு வாங்க” என்றாள். நானும் அதையே நினைத்தேன்.

ஆடிப் பதினெட்டுக்கு மலைக்கு வருகிறேன். அறப்பளீஸ்வரரையும் பார்த்தது போல இருக்கும், உன்னையும் பார்த்தது போல இருக்கும். சோளக்காட்டில் வந்து நில்.

சின்னராசு

* * *

குண்டூர் நாடு,
24-7-1964

அண்ணா,

ஆடிப் பதினெட்டுக்கு வர வேண்டாம். நீங்கள் வந்து நேரில் பார்ப்பதைவிட நானே எழுதிவிடுவது மேல்.

என் இடது கையில் சுண்டுவிரல் இல்லை. மோதிர விரல் பாதி இல்லை.

சீனாக்காரனோடு சண்டை வந்தபோது பாண்டுக்காரர்களிடம் வாத்தியங்களை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டு, காயம்பட்டவர்களைத் தூக்கச் சொன்னார்கள். நீங்கள் அதற்கு முந்தின வருஷமே காலம் முடிந்து ஊருக்கு வந்துவிட்டீர்கள். நாங்கள் எல்லைக்குப் போனோம். நான் மலையில் பிறந்தவன், குளிர் தெரியும் என்று நினைத்திருந்தேன். அது வேறு குளிர். ஒருவனைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது இடது கையுறை வழியில் எங்கோ போய்விட்டது. பிடியை விட்டால் அவன் பள்ளத்தில் உருண்டுவிடுவான். மாற்றிக்கொள்ள ஆள் இல்லை. கீழே வந்து சேர்ந்தபோது என் விரல்களை இன்னொருவர் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. அப்போது வலிகூட இல்லை. பிறகு கறுத்துப்போய், ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். நான் தூக்கி வந்தவன் பெயர் தெரியாது. பிழைத்தானா என்றும் தெரியாது.

கிளாரினெட்டில் ஓட்டையை விரலின் சதைதான் மூட வேண்டும். எனக்கு அந்தச் சதை இல்லை. ஊருக்கு வந்து ஒரு நாள் எடுத்துப் பார்த்தேன், வெறும் காற்றுதான் வந்தது. அன்றைக்கே கொடுத்துவிட்டேன். கையைக் காட்டச் சேலம் ஆஸ்பத்திரிக்கு வந்தபோதுதான் அந்தக் கடையைப் பார்த்தேன். உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், “வா பொன்னா, ஒரு பாட்டு ஊது” என்பீர்கள். அதனால் வரவில்லை.

சாக்ஸபோனில் விரல் ஓட்டையைத் தொடுவதே இல்லை. பொத்தானை அழுத்தினால் மூடி போய் அடைகிறது. அப்படியானால் பொத்தானை என் விரல் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவரலாம் அல்லவா? அமெரிக்கக் கம்பெனிக் கருவியில் கை வைக்க யாருக்கும் மனம் வராது, அதன் இரும்பு போன்ற பித்தளை வளையவும் வளையாது. யாருக்கும் தெரியாத வால்ட்னரை அறுத்தால் கேட்பார் இல்லை. இதுதான் நான் கேட்டதன் காரணம்.

இரக்கப்பட்டு எழுத வேண்டாம். நடக்குமா நடக்காதா என்று மட்டும் எழுதுங்கள்.

பொன்னன்

* * *

குண்டூர் நாடு,
20-9-1964
(தபால் கார்டு)

அண்ணா,

உங்களிடமிருந்து பதில் இல்லை. தினமும் தபால் பையைப் பிரிக்கும்வரை சோளக்காட்டில் நின்றுவிட்டு வருகிறேன். நான் கேட்டது நடக்காத காரியம் என்றால் அந்த ஒரு வார்த்தையையாவது எழுதிப் போடுங்கள். எழுதச் சங்கடமாக இருந்தால் விட்டுவிடுங்கள், நான் புரிந்துகொள்கிறேன்.

பொன்னன்

* * *

சேலம்,
4-10-1964

என் அன்புத் தம்பி பொன்னனுக்கு,

உன் கார்டு வந்த அன்று என் வாயில் வால்ட்னர் இருந்தது. நடக்குமா நடக்காதா என்று தெரியாமல் எதை எழுதுவது என்றுதான் இருந்துவிட்டேன். ஒரு வரியாவது போட்டிருக்க வேண்டும்.

உன் ஆடி மாதக் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் செட் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் போய் வால்ட்னரை வாங்கிவிட்டேன். உன்னைக் கேட்காமல் வாங்கியதற்குத் திட்டிக்கொள். கையில் இல்லாத கருவியை எப்படி அறுப்பது?

இங்கே மாதேஸ்வரன் என்று ஒருவர் தையல் மெஷின் பழுது பார்க்கிறார். அவர் சாக்ஸபோனைக் கண்ணால் பார்ப்பதே இதுதான் முதல் தடவை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அறுக்கறது நிமிசத்துல அறுத்தர்லாங்க. எங்க ஒட்டோணும்னு நீங்கதான் சொல்லோணும்” என்றார். எனக்கு எப்படித் தெரியும்? என் கையில் ஐந்து விரலும் இருக்கிறது.

அதனால் சுண்டுவிரலை உள்ளங்கையோடு மடக்கித் துணியால் கட்டிக்கொண்டேன். மோதிர விரலைப் பாதியில் மடித்துக் கட்டினேன். அப்படியே கட்டிக்கொண்டு ஊதிப் பார்ப்பேன், மாதேஸ்வரனிடம் போவேன், “இன்னும் கொஞ்சம் உள்ளே” என்பேன், அவர் பிரித்து மறுபடி ஒட்டுவார். முதல் தடவை ஒட்டியது ஊதும்போதே கழன்று விழுந்தது. அடுத்ததில் மூடி சரியாக அடையவில்லை. ஒரு தண்டு முறிந்தே போய், தையல் மெஷின் தண்டு ஒன்றைத் தேய்த்துப் போட்டார். சாப்பிடும்போதும் விரலைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்தேன். அம்சவேணி முதலில் சிரித்தாள், பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இப்போது பலனைச் சொல்கிறேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. மோதிர விரல் பொத்தான் உன் பாதி விரலுக்கு எட்டும். சுரம் சுத்தமாக வருகிறது. சுண்டுவிரலுக்கு உரிய நான்கு பொத்தான்களில் ஒன்றை மட்டும் வலது கைப் பக்கம் இழுத்துவிட்டோம், அது வேலை செய்கிறது. மற்ற மூன்றையும் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதனால் அடியில் மூன்று சுரம் உனக்கு வராது, எப்போதும் வராது. அந்தச் சுரம் வரும் பாட்டுகளை வேறு சுருதியில் வைத்துக்கொள்ள வேண்டும். வேகமான பாட்டில் கை தடுமாறுகிறது. எனக்குத் தடுமாறியது, உனக்கு எப்படியோ.

வால்ட்னர் நல்ல சாக்ஸபோனா என்று கேட்டால் இல்லை. மேல் சுரங்கள் இன்னும் ஏறித்தான் பேசுகின்றன. வாங்கலாமா என்று கேட்டால் வாங்கலாம்.

தை மாதம் ராசிபுரத்தில் ஒரு கல்யாணம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். செட்டில் உனக்கு இடம் விட்டிருக்கிறேன். கையை நாலு பேர் பார்ப்பார்களே என்று நினைப்பாய். கல்யாண ஊர்வலத்தில் பாண்டுக்காரன் முகத்தையே யாரும் பார்ப்பதில்லை தம்பி. பெண்ணையும் மாப்பிள்ளையையும் நகையையும்தான் பார்ப்பார்கள். வர விருப்பமில்லை என்றாலும் வால்ட்னர் உன்னுடையதுதான், பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். ஆனால் எனக்கு உன் மேல் ஒரு கோபம் மிச்சம் இருக்கிறது. ஒன்றரை வருஷம் இதை என்னிடம் மறைத்தாயே.

உன் அண்ணன்,
சின்னராசு

* * *

குண்டூர் நாடு,
9-10-1964

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. சோளக்காட்டில் படிக்க ஆரம்பித்தேன், முடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து இருசாயியை உட்காரவைத்து முழுவதும் வாசித்தேன். அவளுக்கு விரல் போனது தெரியும், எப்படிப் போனது என்று நான் சொன்னதில்லை. உங்களுக்கு எழுதியதை அவளுக்கும் சொன்னேன். கேட்டுவிட்டு, “அந்த அண்ணன் சோறு உங்கையிலயும் விரலைக் கட்டிக்கிட்டாங்களா” என்று அதை மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள், “நீங்க இங்க இருந்தாலும் இல்லாத மாதிரித்தான் இருக்கறீங்க. போய் ஊதிப் பழகுங்க. மொளகு எடுக்கறதுக்குள்ள வந்துருங்க” என்றாள்.

பஸ்ஸில் கொடுத்து அனுப்ப வேண்டாம். இத்தனை வளைவிலும் அது உருண்டு, மாதேஸ்வரன் ஒட்டியதெல்லாம் கழன்றுவிடும். நானே வருகிறேன்.

இது வந்தால் என் மனம் ஓர் இடத்தில் நிற்கும் என்று சொல்ல மாட்டேன், அண்ணா. நிற்காமலும் போகலாம். அப்படியானால் ஊதிக்கொண்டே நிலைகொள்ளாமல் இருந்துவிட்டுப் போகிறேன். ராசிபுரத்துக்கு வருகிறேனா என்பதை என் கைதான் சொல்ல வேண்டும். அடி சுரம் மூன்றும் இல்லாமல் உங்கள் செட்டுக்கு நஷ்டம் என்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள், வருத்தப்பட மாட்டேன். உங்கள் கோபம் நியாயமானது, அதை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இறங்குகிறேன். மத்தியானத்துக்குள் சேலம் வந்துவிடுவேன். பஸ் ஸ்டாண்டுக்கு நீங்கள் மட்டும் வாருங்கள். செட் ஆட்கள் யாரையும் அழைத்து வர வேண்டாம். முதல் நாள் நீங்கள் ஒருவர் பார்த்தால் போதும். மறுநாள் யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும்.

தம்பி,
பொன்னன்