மூன்று மணி விருந்தாளி

ஸ்வென்போர்,
ஆகஸ்ட் 12, செவ்வாய்

அன்புள்ள பீர்டெ அவர்களுக்கு,

மோன்ஸ் நலம். என் கடிதத்தைக் கண்டதும் மகள் வீட்டில் நெஞ்சு பதறியிருப்பீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். காலை ஏழு, மாலை ஏழு, சாப்பிட்டதும் இரண்டு யூனிட் இன்சுலின் போட்டுவிடுகிறேன். காதில் துளி இரத்தம் எடுக்கும்போது மட்டும் பூனைக்கே உரிய திமிரோடு என்னை முறைக்கிறான். இருபது மில்லிமோலுக்குக் கீழே இறங்காத சர்க்கரை நேற்று ஒன்பது, நல்ல அளவு.

உங்கள் ஆப்பிள் மரக்கிளைக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன். மழை விட்டுவிட்டது. இப்படியே எழுதிக்கொண்டு போகலாம். ஏற்கெனவே மூன்று தாள்களைக் கிழித்தாயிற்று.

ஏப்ரலிலிருந்து தினமும் மூன்று மணிக்கு, நான் காபியோடு உட்காரும்போது, மோன்ஸ் வேலி தாண்டி வருவான். ஈரல் விழுது தடவிய ரொட்டி கொடுப்பேன். கோடையில் பிஸ்கட் நொறுக்கிய இனிப்பு மோரும் ஒரு கிண்ணம். சர்க்கரை இறங்கவில்லை என்று கால்நடை டாக்டர் மருந்தை நான்கு யூனிட்டாக்கினார். அன்று நீங்கள் வேலியோரம் வந்து, "ப்ரேபென், நீங்க எதுவும் குடுக்கலியே?" என்று கேட்டீர்கள். "என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?" என்று கோபித்துக்கொண்டேன். என் வீட்டுக்கு வேறு யார் வருகிறார்கள், பீர்டெ? அந்த ஒரு விருந்தாளியை இழக்க மனம் வரவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஜூலையில் அண்ணனின் எண்பதாவது பிறந்தநாளுக்கு ஆல்போர்க் போனேன். என் தீனி நின்றது, நான்கு யூனிட் நிற்கவில்லை. மூன்றாம் நாள் சர்க்கரை அடியோடு இறங்கி மோன்ஸ் துவண்டு விழுந்தான். நீங்கள்தான் ஈறில் தேன் தடவிப் பிழைக்க வைத்தீர்கள். டாக்டர் மருந்தை மறுபடி இரண்டு யூனிட்டாகக் குறைத்தார். நான் திரும்பியதும், "நான்தான் அளவு தப்பாக் குத்திட்டேன். இனிமே இந்தக் கையால ஊசியைத் தொட மாட்டேன்" என்று அழுதீர்கள். "விடுங்க, யாருக்கும் நடக்கும்" என்று நான் ஆறுதல் சொன்னேன். நான் போய் உங்களுக்கு ஆறுதல்!

டாக்டரிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "இதை முதல்ல அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார்.

இனி ஊசி போட முடியாது என்று, வெள்ளிக்கிழமை வந்து மோன்ஸை ஒரேயடியாகத் தூங்க வைக்க டாக்டரிடம் நேரம் குறித்திருக்கிறீர்கள். அதை ரத்து செய்யும் உரிமை எனக்கில்லை. மூன்று மணிக்கு அவன் இன்னும் என் கதவைப் பிறாண்டுகிறான். நான் நாற்காலியை விட்டு எழுவதில்லை.

என்னை மன்னிக்க வேண்டாம், இனி என்னோடு பேசவும் வேண்டாம். டாக்டருக்கு மட்டும் ஒரு போன் செய்யுங்கள். உங்கள் கை ஒருநாளும் தவறவில்லை, பீர்டெ.

தலைகுனிந்து,
ப்ரேபென்