சரோஜாவின் சிவாவா

நவம்பர் 4, செவ்வாய்
தூறல். துணி காயவில்லை. சரோஜா இறந்து இருபத்து மூன்று நாள். அவள் வளர்த்த நாய் மிட்டு ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பனியன் கம்பெனியில் அரைநாள் லீவு. கால்நடை டாக்டரிடம் தூக்கிப் போனேன்.

எடை ஒன்றே முக்கால் கிலோ. நோய் எதுவும் இல்லையாம். அவர் சொன்னவை:
- இனம் சிவாவா. மெக்சிகோவில் அதே பெயரில் ஒரு மாநிலம், அங்கிருந்து வந்த பெயர். இவ்வளவு சின்ன நாய் இனம் வேறு இல்லை.
- உச்சந்தலையில் கைக்குழந்தைக்கு இருப்பதுபோல மெத்தென்று ஓர் இடம். அடி படக்கூடாது.
- குளிர் ஆகாது. நடுங்கும். பயந்தாலும் நடுங்கும், கோபம் வந்தாலும் நடுங்கும்.
- பெரும்பாலும் ஒரே ஆளிடம்தான் ஒட்டும்.

"இதுக்கு அந்த ஆளு யாருங்க?"

என் சம்சாரம், இப்போது இல்லை என்று சொன்னேன். 

நவம்பர் 5, புதன்
நாள் முழுக்கக் கட்டிங் டேபிள். எதை வெட்டினேன் என்று ஞாபகமில்லை. பீஸ் எல்லாம் சரியாக இருக்கிறதாம். டீ நேரத்தில் முதுகுக்குப் பின்னால் யாரோ: "பொண்டாட்டி போயிருக்கறா, ஒரு சொட்டுக் கண்ணீர் உடலையே இவரு." உண்மைதான்.

வீட்டில் மிட்டு சரோஜாவின் நைட்டி மேல். புளியங்கொட்டை நிறம், வௌவால் காது, முட்டைக்கண். தூக்கப் போனால் பல்லைக் காட்டுகிறது. எட்டு வருடம் ஒரே வீட்டில். எனக்கும் அதற்கும் பழக்கமில்லை.

உடுமலையிலிருந்து கொழுந்தியா கவிதா போன். நாயைத் தான் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். சரி என்றேன். யார் எது கேட்டாலும் இப்போது சரிதான்.

நவம்பர் 6, வியாழன்
கவிதா வந்து கூடையில் வைத்து எடுத்துப் போனாள். நைட்டியையும் கேட்டாள். கொடுத்தேன்.

சாயங்காலம் போனில் சிவாவா பற்றிப் பார்த்தேன். மெக்சிகோவில் அந்தக் காலத்தில் இறந்தவர்களோடு நாயையும் புதைத்தார்களாம். போகிற வழியில் துணையாக இருக்கும் என்று நம்பிக்கை. போனை மூடி வைத்தேன்.

நவம்பர் 8, சனி
கவிதா போன். மிட்டு போன நாளிலிருந்து கட்டிலுக்கு அடியில். இன்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பஸ் ஏறினேன். பல்லடம் தாண்டி வெயில்.

கவிதா வீட்டுக் கட்டிலடியில் குனிந்து "மிட்டு" என்றேன். உறுமல்.

"அப்படியில்லீங்க மாமா. அக்கா கூப்பிடற மாதிரி கூப்பிட்டுப் பாருங்க."

எட்டு வருடம் காதில் விழுந்ததுதான். வாய் வரவில்லை. கவிதா அடுப்படிக்குப் போகும்வரை காத்திருந்தேன்.

"வா கண்ணு. ஊட்டுக்குப் போலாம்."

வெகுநேரம் என்னையே பார்த்தது. பிறகு வயிற்றால் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தது.

பஸ்ஸில் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரர் பூனையா என்று கேட்டார். ஆமாங்க என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு
தயிர்சோறு பிசைந்து கையில் வைத்து நீட்டினேன். இரண்டு வாய் தின்றது. மூன்றாவது வாய்க்கு விரலைக் கடித்துவிட்டது. ரத்தம்.

"சரோஜா, பஞ்சு எங்க வெச்சிருக்கற?" என்று கேட்டுவிட்டேன்.

மிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பியது. நானும் திரும்பினேன்.